குட்டையில் குஞ்சு மட்டும் சாவது ஏன்?

காங்கேயம் பகுதியில் நொய்யல் கரையோரம் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. பண்ணைக்குட்டையில் இரண்டு முறை கட்லா, ரோகு குஞ்சுகள் விட்டார். இரண்டு முறையும் ஒரே வாரத்தில் செத்து ஒதுங்கின. போன வருடம் விட்ட பெரிய மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர்ப் பரிசோதனையில் ‘பாசனத்துக்கு ஏற்றது’ என்று சீட்டு வந்திருக்கிறது. மூன்றாவது முறை கடன் வாங்கிக் குஞ்சு விடலாமா என்று கேட்கிறார்.

காரணம் தெரியும்வரை விட வேண்டாம்.

ஆக்ஸிஜன் குறைந்தால் மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். பெரும்பாலும் பெரிய மீன்தான் முதலில் சாகும். குஞ்சு மட்டும், பகலிலும் செத்தால் நஞ்சைச் சந்தேகிக்க வேண்டும்.

பாசனச் சீட்டில் கார அமில நிலை, உப்பு, சோடியம் போன்றவைதான் இருக்கும். உலோகமும் பூச்சிமருந்தும் அந்தச் சோதனையில் வராது.

1992-ல் பாசனத்துக்குத் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியதை இப்பகுதி விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவு சொட்டுக்கூட வெளியேறாத ஏற்பாடு செய்த பிறகே இயங்கலாம் என்றது. ஆனால் உலோகம் மக்கிப் போவதில்லை. சில சாயங்களில் உள்ள காப்பர், குரோமியம் போன்றவை ஆற்றுச் சேற்றில் படிந்தால், வெள்ளம் கலக்கும்போது மறுபடி தண்ணீருக்கு வரும்.

உலோகம் செவுளைப் புண்ணாக்கும். சளி அடைத்து மீனுக்கு மூச்சு முட்டும். புரோபனோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகள் நரம்பைத் தாக்கும். சைபர்மெத்ரின் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். ஒவ்வொன்றும் தனித்தனியே அளவுக்குள் இருந்தாலும், இரண்டும் சேரும்போது மீனுக்குத் தாங்காமல் போகலாம். செவுள் கெட்ட மீனுக்கு நரம்பும் தளர்ந்தால் பிழைப்பது கடினம். குஞ்சின் ஈரல் நஞ்சை முறிக்கும் அளவுக்கு வளர்ந்திருக்காது. உடல் எடையோடு பார்த்தால் செவுளின் பரப்பும் அதிகம். அதனால் முதல் அடி குஞ்சுக்கே.

செய்ய வேண்டியவை:

1. தண்ணீரையும் அடிச்சேற்றையும் எடுத்து, காப்பர், துத்தநாகம், குரோமியம், காட்மியம், ஈயம், பூச்சிமருந்து எச்சம் என்று பெயர் சொல்லிச் சோதனை கேட்க வேண்டும். எங்கே கொடுப்பது என்பதை மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்கலாம். சாகும் தறுவாயில் உள்ள குஞ்சுகளை ஐஸில் வைத்துக் கொண்டுபோவது நல்லது.

2. ஆற்றுத் தண்ணீரையும் முதல் மழை வெள்ளத்தையும் குட்டைக்குள் விடக் கூடாது. வயல் தண்ணீர் வழிந்து வராதபடி கரையை உயர்த்த வேண்டும்.

3. தெளிப்பானைக் குட்டையில் கழுவக் கூடாது. காற்று குட்டைப் பக்கம் வீசும்போது மருந்து அடிக்கக் கூடாது.

4. அடுத்த முறை விடும் முன், கொசுவலைத் துணியில் தைத்த வலைத்தொட்டியைக் குட்டைக்குள் கட்டி, 20 குஞ்சுகளை மூன்று நாள் வைத்துப் பார்க்க வேண்டும். அவை செத்தால் நட்டம் 20 குஞ்சோடு போகும். பிழைத்தால், விரல் நீளம் வளர்ந்த குஞ்சுகளாக வாங்கி விடலாம்.

5. சேற்றில் உலோகம் உறுதியானால், தூர்வாரிய மண்ணை எருவாக வயலில் கொட்டக் கூடாது.

பெரிய மீன் உயிரோடு இருப்பதாலேயே அது சாப்பிட ஏற்றது என்று ஆகிவிடாது. காட்மியம், ஈயம் போன்றவை மீனின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேரும். மீனையும் சோதனைக்குக் கொடுத்து முடிவு வரும்வரை வீட்டுக் குழம்புக்கும் வேண்டாம், சந்தைக்கும் வேண்டாம். செத்த குஞ்சுகளைக் கோழிக்கோ நாய்க்கோ போடாமல் கிணற்றுக்குத் தள்ளிக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.