சதுக்கத்தில் நகல், கூடத்தில் அசல்

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையை இரண்டு இடங்களில் காணலாம். பழைய அரண்மனையின் வாயிலில், திறந்தவெளிச் சதுக்கத்தில் நிற்பது நகல். சற்றுத் தொலைவில் அக்காடெமியா அருங்காட்சியகத்தின் உள்ளே நிற்பது அசல். (குன்றின்மேல் இன்னொரு வெண்கல நகலும் உண்டு, அதை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.) "அசல் இருக்கும்போது நகலைப் பார்ப்பது வீண்வேலை" என்று சுற்றுப்பயணிகள் பலர் எண்ணுகின்றனர். இக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

மைக்கலாஞ்சலோ இச்சிலையை 1501 முதல் 1504 வரை செதுக்கினார். ஒரே பளிங்குக் கல்லால் ஆன இதன் உயரம் ஐந்து மீட்டருக்கும் அதிகம். பேராலயத்தின் உச்சியில் வைப்பதற்காகத்தான் முதலில் இது திட்டமிடப்பட்டது. வேலை முடியும் தறுவாயில், சிலையை எங்கு வைப்பது என்று ஆலோசிக்க ஒரு குழு கூடியது. லியனார்டோ டா வின்சியும் அதில் இருந்தார். இறுதியில், ஆட்சியாளர்கள் கூடும் அரண்மனையின் வாயில் தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஏன் அங்கே? பைபிள் கதையில் வரும் தாவீது, கோலியாத் என்னும் மாவீரனைக் கவண்கல்லால் வீழ்த்திய சிறுவன். அக்காலத்தில் புளோரன்ஸ், தன்னை ஆண்டுவந்த மெடிச்சி குடும்பத்தாரை வெளியேற்றிவிட்டுக் குடியரசாக விளங்கியது. 'நாங்கள் சிறியவர்கள்தாம், ஆனால் அஞ்சமாட்டோம்' என்று அந்நகரம் சொல்ல விரும்பியதை இச்சிலை சொன்னது. அரண்மனையைப் பின்னணியாகக் கொண்டு பார்க்கும்போதுதான் இது நமக்கு விளங்குகிறது. அருங்காட்சியகத்தில் அழகிய இளைஞன் ஒருவனைக் காண்கிறோம். சதுக்கத்தில் ஒரு நகரத்தின் துணிவைக் காண்கிறோம்.

அப்படியானால், அசலை அங்கேயே விட்டிருக்கலாமே? அதுவும் தவறாகிவிடும். 1527ஆம் ஆண்டு நடந்த கலவரத்தில் மேலிருந்து எறியப்பட்ட இருக்கை ஒன்று பட்டு, சிலையின் இடக்கை உடைந்தது. மழையும் வெயிலும் நூற்றாண்டுக் கணக்கில் பளிங்கை அரித்தன. எனவே, 1873இல் சிலை உள்ளே கொண்டுசெல்லப்பட்டது. 1910இல் அதன் இடத்தில் நகல் நிறுவப்பட்டது.

திறந்தவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதை 1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் நகரமே உணர்ந்தது. அன்று ஆர்னோ ஆறு கரைபுரண்டு நகருக்குள் பாய்ந்தது. பேராலயத்திற்கு எதிரே உள்ள திருமுழுக்கு ஆலயத்தின் பொன்முலாம் பூசிய வெண்கலக் கதவுகளை வெள்ளம் மோதியது. கிபெர்ட்டி என்னும் கலைஞர் 27 ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய கதவுகள் அவை. அவற்றின் சிற்பப் பலகைகள் சில பெயர்ந்து விழுந்தன. பல நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் திரண்டு வந்து, சேற்றில் மூழ்கிய நூல்களையும் ஓவியங்களையும் மீட்டனர். மக்கள் அவர்களைச் 'சேற்றுத் தேவதைகள்' என்றே அழைத்தனர். இன்று அக்கதவுகளின் அசல், பேராலயத்தின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பாதுகாப்பாக இருக்கிறது. ஆலய வாயிலில் இருப்பது நகல். ஆனால், கதவு என்பது வாயிலில் இருந்தால்தானே கதவு!

ஆகவே நகலை ஏமாற்று வேலை என்று ஒதுக்குவது சரியன்று. அசல், கலைஞரின் கைவண்ணத்தைக் காட்டுகிறது. நகல், அந்தக் கலைப்பொருளுக்கு உரிய இடத்தைக் காக்கிறது. ஒரே நாளில் பத்து இடங்களைச் சுற்றிக் காட்டும் பயணத் திட்டங்களில் சதுக்கத்திற்குக் கிடைப்பது படம் எடுக்கும் நேரம் மட்டுமே. அதற்கு அரைமணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்பேன். அங்கு நிற்கக் கட்டணமும் இல்லை.

நீங்கள் என்றாவது புளோரன்ஸ் சென்றால், முதலில் சதுக்கத்திற்குச் செல்லுங்கள். நகலை அரண்மனையோடு சேர்த்துப் பாருங்கள். பிறகு அக்காடெமியாவின் வரிசையில் நில்லுங்கள். உள்ளே சென்றதும், அன்று உடைந்து பின்னர் ஒட்டப்பட்ட அந்த இடக்கையைக் கூர்ந்து பாருங்கள்.