பழைய ஏர் ரைஃபிள் வாங்கலாமா? முதலில் சிலிண்டர் தேதியைப் பாருங்க!

2022 ஜூலையில் திருச்சி ரைஃபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித் கலந்துகொண்டார். 'நாமும் சுடலாமே' என்ற ஆசை பாலக்கரை இளைஞர்களுக்கு வந்தால் ஆச்சரியமில்லை. ஆனால், போட்டித் தரத்திலான புதிய ஜெர்மன் ரைஃபிள் லட்சங்களில் போகும். அதனால்தான் பலரும் செகண்ட் ஹேண்ட் தேடுகிறார்கள்.

பழசு என்றாலே மோசமா? இல்லை. ஈயக் குண்டு மென்மையானது. பேரல் லேசில் தேயாது. சீல் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். சிக்கல் காற்று சிலிண்டரில்தான். அதன் ஆயுள் பொதுவாக 10 ஆண்டு. காலாவதியானதில் காற்று அடைப்பது ஆபத்து. புது சிலிண்டர் செலவைக் கழித்துத்தான் விலை பேசணும்.

லைசென்ஸ் வேண்டுமா? 4.5 மி.மீ. அளவு, 20 ஜூல் சக்திக்குள் இருந்தால் தேவையில்லை. .22 ரைஃபிளுக்குக் கட்டாயம். அதை விற்பவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடமோ போலீஸ் ஸ்டேஷனிலோ எழுதிக் கொடுத்து, 45 நாள் கழித்தே கைமாற்ற முடியும். 'காசு கொடுங்க, இப்பவே எடுத்துட்டுப் போங்க' என்றால், விலகிடுங்க.