வீட்டுத் தோட்டம்: அரளிக் குச்சி துளிர்த்துவிட்டதா? அவசரப்படாதீர்கள்!

கன்னியாகுமரி மாவட்டம் தோவாளையின் மாணிக்க மாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை ஆகியவற்றைக் கொண்டு, மாணிக்கக் கற்கள் பதித்ததுபோலத் தொடுக்கப்படும் மாலை அது.

இந்த அரளி, நொச்சி இரண்டையுமே குச்சி வைத்து வீட்டில் வளர்க்கலாம். விதையிலிருந்து வரும் அரளியில் பூவின் நிறம் மாறலாம். குச்சியிலிருந்து வருவது தாய்ச்செடி போலவே பூக்கும்.

எப்போது நடலாம்?

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. அதனால் ஜூன், அக்டோபர் என ஆண்டுக்கு இரண்டு முறை நடலாம். அடைமழை நாட்களில் மட்டும் தொட்டியைக் கூரைக்கு அடியில் நகர்த்திவிடுங்கள்.

எப்படி நடுவது?

பென்சில் பருமனில், இளசாகவும் இல்லாமல் முற்றியதாகவும் இல்லாத கிளையைத் தேர்ந்தெடுங்கள். அரை அடி நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே கூர்மையான கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். அடி இலைகளை நீக்கிவிட்டு, நுனியில் இரண்டு, மூன்று இலைகளை மட்டும் விடுங்கள். மணலும் தென்னை நார்க்கழிவும் சம அளவு கலந்து, இரண்டு கணுக்கள் உள்ளே போகும்படி ஊன்றி, நிழலில் வையுங்கள். செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூவுக்கும் இதே முறைதான்.

ஏன் பட்டுப்போகிறது?

பத்துப் பதினைந்து நாளில் துளிர் வந்ததும் வேர் பிடித்துவிட்டதாக நினைத்து, பலர் குச்சியைப் பிடுங்கி வேறு தொட்டிக்கு மாற்றிவிடுகிறார்கள். தண்டில் சேர்ந்திருக்கும் உணவைக் கொண்டே துளிர் வந்துவிடும். வேர் அதற்குப் பிறகும் வரலாம். நான்கு முதல் ஆறு வாரம் அசைக்காமல் விடுங்கள். லேசாக இழுத்தால் குச்சி வராமல் பிடித்துக்கொண்டால், வேர் விட்டிருக்கிறது என்று அர்த்தம். அதுவரை தண்ணீர் தெளித்தால் போதும். தேங்கினால் அடிப்பகுதி கறுத்து அழுகிவிடும்.

கவனம்!

அரளியின் இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே விஷம். இதயத் துடிப்பையே பாதிக்கும். திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, 2024 மே மாதம் நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைத் தவிர்க்க முடிவெடுத்தது இதனால்தான். கையுறை போட்டு வெட்டுங்கள். முடிந்ததும் கைகளையும் கத்தியையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கழித்த இலைகளை ஆடு, மாடு மேயும் இடத்தில் போடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அரளிக்குப் பதில் செம்பருத்தியில் தொடங்குவதே நல்லது.