பெர்ஷியன் பூனையும் பேப்பர் மோகமும்

யாராவது பெர்ஷியன் பூனைக்குட்டி வாங்கப் போறேன்னு சொன்னா, நம்மாளுங்க கேக்குற முதல் கேள்வி "எவ்வளவு?". ரெண்டாவது, "பேப்பர் இருக்கா?". இந்த ரெண்டாவது கேள்வியிலதான் எனக்குப் பிரச்சனை. பேப்பர் இருந்தா நல்ல ப்ரீடர், நல்ல குட்டின்னு முடிவே பண்ணிடறோம். ஏதோ ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி!

அந்தப் பேப்பர் வெறும் வம்சாவளிங்க. அப்பா யாரு, அம்மா யாரு, தாத்தா யாருன்னு சொல்லும். தாத்தாவோட கிட்னி எப்படி இருந்துச்சுன்னு சொல்லாது.

கிட்னியை ஏன் இழுக்குறேன்னா, பெர்ஷியன் பூனைகள்ல பரம்பரையா வர்ற நோய் ஒண்ணு இருக்கு. பி.கே.டி.ன்னு சொல்வாங்க. சிறுநீரகத்துல சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் பிறக்கும்போதே இருக்கும். வெளியே ஒண்ணும் தெரியாது. குட்டி கொழுகொழுன்னு ஓடி விளையாடும். கட்டிகள் மெதுவா வளர்ந்து, பல பூனைகளுக்கு ஏழு வயசு வாக்குல கிட்னி கையை விரிச்சுடும். குணப்படுத்த வழி கிடையாது. அந்த வயசுல அது வீட்டுல ஒரு ஆளாவே ஆகியிருக்கும். குழந்தைகள் இருக்குற வீடுன்னா கேக்கவே வேணாம்.

கொடுமை என்னன்னா, இது தடுக்கக்கூடிய விஷயம். காரணமான மரபணுக் கோளாறை 2004லயே கண்டுபிடிச்சுட்டாங்க. பூனையோட கன்னத்து உள்பக்கம் பஞ்சுக்குச்சியால தடவி லேபுக்கு அனுப்பினா இருக்கா இல்லையான்னு சொல்லிடுவாங்க. அப்பா அம்மா ரெண்டுல ஒண்ணுக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரெண்டுக்கும் இல்லைன்னா குட்டிக்கு அந்தக் கோளாறு அங்கேயிருந்து வர வழியில்ல. நம்ம பொட்டிதட்டுற பாஷையில சொன்னா, ஒரே ஒரு டெஸ்ட் கேஸ்ல மாட்டிக்குற பக். அதைக்கூட ஓட்டிப் பாக்காம ரிலீஸ் பண்றவரை எந்தக் கணக்குல நல்ல ப்ரீடர்னு சொல்றது?

"குட்டி விலையே இவ்வளவு, இதுல டெஸ்ட் செலவு வேறயா?"ன்னு கேப்பீங்க. ஒவ்வொரு குட்டிக்கும் பண்ண வேணாம் சாமி. இனப்பெருக்கத்துக்கு வச்சிருக்குற ஆணுக்கும் பெண்ணுக்கும் வாழ்நாள்ல ஒரு தடவை பண்ணினாப் போதும். அத்தனை ஈத்துக்கும் அதுதான்.

அதனால குட்டி பாக்கப் போறப்ப மூணு விஷயம் கேளுங்க. தாய்ப்பூனையை நேர்ல காட்டச் சொல்லுங்க. தாய், தகப்பன் ரெண்டோட பி.கே.டி. ரிசல்ட்டையும் கேளுங்க. குட்டிக்கு எத்தனை வாரம் ஆச்சுன்னு கேளுங்க. இங்கிலாந்துல ஜி.சி.சி.எஃப். அமைப்பு 13 வாரம் ஆகாம குட்டியைக் கொடுக்கக் கூடாதுங்குது. இங்கே பால் மறக்காத குட்டியைக்கூட கூடையில வச்சுக் கொடுத்துடறாங்க.

நல்ல ப்ரீடரா இருந்தா இதுக்கெல்லாம் கோச்சுக்க மாட்டார், நீங்க ஆபீஸ்ல எத்தனை மணி நேரம் இருப்பீங்கன்னு திருப்பிக் கேப்பார். "ட்ரிபிள் கோட் சார், பஞ்ச் ஃபேஸ் சார், இன்னிக்கே அட்வான்ஸ் போட்டுடுங்க"ன்னு பேச்சை மாத்தினா, குட்டி எவ்வளவு அழகா இருந்தாலும் எழுந்து வந்துடுங்க. அதுதான் கஷ்டம், தெரியும். ஆனா நாம கேக்காத வரைக்கும் அவங்க டெஸ்ட் பண்ணப் போறதில்லை.