கீழ்வீட்டுக்காரிக்கு இரண்டும் ஒரே சத்தம்தான்

போன மாதம் அக்கா போன் எடுத்தா. நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. நேரே விஷயத்துக்கு வந்தா.

"நீ ஒருக்கா இவளோட கதை. உன்ர கதையைச் சொல்லு. கேம் விளையாடி டான்ஸை விட்டுட்டன், இப்ப இருந்து கவலைப்படுறன் எண்டு சொல்லு. என்ர சொல்லைக் கேக்கிறாள் இல்லை."

'இவள்' என்றால் அக்காவின் மகள், என் பெறாமகள். வயது 12. பரதநாட்டியம் பழகத் தொடங்கி ஏழு வருடம். இன்னும் மூன்று வருடத்தில் அரங்கேற்றம் என்று வீட்டில் பேச்சு. அவளோ போனில் கொரியப் பாட்டுகளுக்கு விரலால் தட்டும் கேம் ஒன்றில் மூழ்கிக் கிடக்கிறாள். சென்ற கிழமை, தனக்கு அரங்கேற்றம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

எங்கள் குடும்பத்தில் நான் ஓர் உதாரணம். கெட்ட உதாரணம். "சித்தியைப் பார், எவ்வளவு வடிவாய் ஆடினவள், அந்த விளையாட்டுச் சாமான் வந்து எல்லாம் போச்சு" என்பது இருபது வருடமாகச் சொல்லப்படும் கதை. நானும் இருபது வருடமாக அதை மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2003. தூட்டிங்கில் மூன்றாம் மாடி ஃபிளற். பிளேஸ்டேஷன் 2. அதனோடு ஒரு பிளாஸ்டிக் பாய், நாலு பக்கமும் நாலு அம்புக்குறி. ரீவியில் அம்புகள் கீழிருந்து மேலே ஏறி வரும். மேலே நிற்கும் அம்போடு பொருந்தும் அந்தக் கணத்தில் பாயில் காலை வைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. கொனாமி நிறுவனம் 1998இல் ஜப்பானின் விளையாட்டுக் கூடங்களில் இறக்கிய டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்தான் இது. ஐரோப்பாவில் அதற்கு டான்சிங் ஸ்டேஜ் என்று பெயர் வைத்தார்கள். அதனால் பல வருடங்களுக்கு, அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த மச்சாள்மார் விளையாடியது வேறு கேம் என்றே நினைத்திருந்தேன்.

இப்போது கீழ்வீட்டுக்காரி. வயதான ஆங்கிலேயப் பெண். தனியாக இருந்தா. நான் பாயில் குதித்தால் விளக்குமாற்றுத் தடியால் தன் கூரையில், அதாவது எங்கள் தரையில், மூன்று முறை இடிப்பா. நான் தட்டடவு பழகினாலும் அதே மூன்று இடி. தையா தை என்று பாதம் தரையில் விழ, கீழிருந்து பதில் வரும்.

அம்மா செய்ததுதான் வேடிக்கை. அடவுக்கு இடி விழுந்தால், அடுத்த நாள் ஒரு தட்டில் வடையோடு கீழே போய், தன் உடைந்த ஆங்கிலத்தில் இது எங்கள் கலை, எங்கள் பண்பாடு, பிள்ளைக்குச் சோதனை வருகிறது என்று விளங்கப்படுத்திவிட்டு வருவா. கேமுக்கு இடி விழுந்தால் நேரே வந்து ரீவியின் வயரைப் பிடுங்குவா. அதே கால், அதே தரை, அதே இடி. ஒன்றுக்கு வடை, மற்றதற்கு வயர்.

அந்த வயதில் எனக்கு அது அநியாயமாகக்கூடப் படவில்லை. ஒன்று நல்லது, ஒன்று கூடாதது என்று நானும் நம்பினேன். நம்பியபடியே, வீட்டில் ஒருவரும் இல்லாதபோது தலையணைகளைப் பாய்க்குக் கீழே போட்டு விளையாடினேன். (செய்யாதீர்கள். பாய் நழுவி, முழங்காலில் வாங்கிய அடையாளம் இன்னும் இருக்கிறது.)

அடவு பழகியவர்களுக்குத் தெரியும்: ஒரே அடவை மூன்று காலங்களில் செய்ய வேண்டும். தாளம் மாறாது. இரண்டாம் காலத்தில் கால் இரண்டு மடங்கு, மூன்றாம் காலத்தில் நாலு மடங்கு. என் கால்கள் மூன்றாம் காலத்தில் எப்போதும் சிக்கும். பயம் வந்தவுடன் ஓடத் தொடங்கிவிடுவேன், ரீச்சரின் தட்டுக்கழி பின்னால் நிற்கும்.

கேமிலும் இதே கணக்குத்தான். ஓர் அடிக்கு ஓர் அம்பு, பிறகு இரண்டு, பிறகு நாலு. அம்புகளை அளவுக்கேற்ப நிறம் பிரித்துக் காட்டும் வசதியும் உண்டு: முழு அடியில் விழுவது சிவப்பு, பாதியில் விழுவது நீலம். ஒரே துண்டை நூறு முறை பிழைவிட்டுச் செய்தேன். ஒருவரும் பார்க்கவில்லை, ஒருவரும் பெருமூச்சு விடவில்லை. கொஞ்ச நாளில் ஒன்று விளங்கியது. வேகமாக வரும்போது வேகத்தைத் துரத்தக்கூடாது, அடியில் இருக்கும் மெதுவான சிவப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதைத்தான் ரீச்சர் இரண்டு வருடமாக "தாளத்தைக் கேள், தாளத்தைக் கேள்" என்று சொல்லிக்கொண்டிருந்தா.

அடுத்த சனிக்கிழமை மூன்றாம் காலம் வந்தது. கால்கள் நின்றன. ரீச்சர் தட்டுக்கழியை வைத்துவிட்டுப் பார்த்தா. "எங்க பழகினனீர்?"

"வீட்டில, ரீச்சர்."

பொய் இல்லை. ஆனால் அது பொய். அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் ரீச்சர் சிரித்திருப்பாவோ, ஏசியிருப்பாவோ, பாயைக் கொண்டு வந்து காட்டு என்றிருப்பாவோ எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

கேமும் பரதமும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. கேமுக்குக் கை இல்லை, கண் இல்லை, கதை இல்லை. தன் பிள்ளையைத் தேடும் தாயாக நிற்பது எப்படி என்று அந்தப் பாய் கற்றுத்தராது. அம்பு வரும், நீங்கள் மிதிப்பீர்கள், பெர்ஃபெக்ட் என்று எழுத்து ஒளிரும். உங்களுக்கென்று ஓர் அடி வைத்தால் அதற்கு அங்கே புள்ளி இல்லை. 2001இல் வந்த மேக்ஸ் 300 என்ற பாட்டுக்கு நிமிடத்துக்கு 300 அடி. பெயரே வேகத்தைத்தான் சொல்கிறது. அதைப் பார்த்து வாய் பிளந்த எனக்கு, ஒன்றுமே செய்யாமல் ஓர் ஆவர்த்தனம் முழுக்க நிற்பது அதைவிடக் கஷ்டம் என்று அப்போது தெரியாது.

ஆனால் என் காதைத் திறந்தது அந்தப் பாய்தான். அது வந்த பிறகு எந்தப் பாட்டைக் கேட்டாலும் அடியில் என்ன ஓடுகிறது என்று தேடத் தொடங்கினேன். சுகபேப்ஸ், கேர்ள்ஸ் அலவுட், அப்பா காரில் போடும் இளையராஜா, எல்லாவற்றிலும். பிறகு ஸ்டெப்மேனியா என்ற இலவச மென்பொருள் கிடைத்தது. அதில் நாமே பாட்டைப் போட்டு, நாமே அம்புகளை அடுக்கலாம். நான் முதலில் அம்பு அடுக்கியது ஒரு ரஹ்மான் பாட்டுக்கு. மூன்று நாள் பிடித்தது. அதை யாருக்குக் காட்டுவது? பள்ளிக்கூடத்தில் காட்டினால் என்ன பாஷை இது என்பார்கள். நடன வகுப்பில் காட்டினால் ரீச்சர் காதுக்குப் போகும். கம்பியூட்டரோடு போய்விட்டது அது.

பாதிப் பேரிடம் பரதத்தை மறைத்தேன், மற்றப் பாதியிடம் கேமை மறைத்தேன். 2007இல் மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., 'கலா' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டபோது அதில் உறுமி கேட்டது. லண்டனில் வளர்ந்த ஈழத்துப் பெண், பொப் பாட்டு, உறுமி. எனக்கு அப்போது வயது 16. பேருந்தில் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு போனவள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைக்கலாம் என்று அதற்குமுன் எனக்கு ஒருவரும் காட்டியதில்லை.

"அதெல்லாம் சரி, ஆனால் இது எங்கட கலை" என்பார்கள். ஓம், எங்கட கலைதான். ஆனால் நூறு வருடத்துக்குமுன் இந்த ஆட்டத்தையே நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் ஆடக்கூடாது என்றார்கள். அதைக் காப்பாற்றி வைத்திருந்த தேவதாசிப் பெண்களை ஊர் எப்படிப் பேசியது என்று வாசித்துப் பாருங்கள். ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கியது 1936இல். மேல்சாதிப் பெண் ஒருத்தி மேடையேறுவதே அப்போது பெரிய சர்ச்சை. பாலசரசுவதி அந்தப் பழைய மரபின் பிள்ளை, கலையிலிருந்து அதைக் கழுவிவிட வேண்டும் என்பதை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. ஆகவே எது மரியாதையான ஆட்டம், எது வீண் துள்ளல் என்ற தீர்ப்பைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் என்பதுதான் பெரியவர்களிடம் என் வேண்டுகோள்.

இனி அந்த இருபது வருடக் கதை.

அக்காவின் அரங்கேற்றம் 2002இல். மண்டபம், இந்தியாவிலிருந்து வந்த பக்கவாத்தியக்காரர், நாலு உடுப்பு, நகை, அழைப்பிதழ், ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு. அக்கா அன்று ஆடியதை நான் மறக்க மாட்டேன், அவ்வளவு அழகு. 2006இல், எனக்கு 15 வயது, ஓர் இரவு தண்ணீர் குடிக்க எழும்பினேன். குசினியில் அம்மாவும் அப்பாவும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரங்கேற்றத்துக்கு எடுத்த சீட்டும் வங்கிக் கடனும் இன்னும் முடியவில்லை. அப்பா அப்போது பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, சனி ஞாயிறு வேறு வேலை. அம்மா சொன்னா, "சின்னவளுக்கும் செய்யத்தானே வேணும், ஒருத்திக்குச் செய்து மற்றவளுக்குச் செய்யாட்டி சனம் என்ன சொல்லும்?" அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கால்குலேட்டரை மறுபடி தட்டினார்.

அடுத்த மாதம் நான் டான்ஸ் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். காசு என்று எப்படிச் சொல்வது? கேம்தான் பிடித்திருக்கிறது என்றேன். எல்லோரும் உடனே நம்பினார்கள். நம்புவதற்கு அவ்வளவு வசதியான காரணம்! அம்மா அழுதா, அப்பா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் மூன்றாவது சீட்டு எடுக்கவில்லை.

இதைத்தான் போனில் அக்காவிடம் சொன்னேன். கனநேரம் சத்தமே இல்லை. பிறகு, "எனக்கு ஏனடி ஒருத்தரும் சொல்லேல்ல?" என்று மட்டும் கேட்டா.

அதனால் அக்கா, கேமைத் திட்டாதே. திட்டுவதற்கு வேறு விஷயங்கள் உண்டு. அவள் விளையாடும் போன் கேமில் அட்டைகள் வாங்கக் காசு கேட்கும், எந்த அட்டை வரும் என்று தெரியாமலே கட்ட வேண்டும். அதைப் பார். நானே 'லவ் லைவ்! ஸ்கூல் ஐடல் ஃபெஸ்டிவல்' என்ற கேமில் வருடக்கணக்காக அட்டை சேர்த்தவள். 2013இல் ஜப்பானில் தொடங்கிய அதை 2023 மார்ச் 31ஆம் தேதி மூடினார்கள். சேர்த்த அட்டை, கட்டிய காசு, விடிய விடிய எடுத்த புள்ளி எல்லாம் அன்றோடு சரி. அந்த பிளாஸ்டிக் பாயாவது எங்களுடையதாக இருந்தது.

இன்னொன்று. தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏழு வருடம் போயும் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள், கொரிய எழுத்தை ஒரு விடுமுறைக்குள் படித்துவிட்டாள் என்று அக்காவுக்குக் கோபம். கொரியத்தில் அடிப்படை எழுத்து 24, எங்களுக்கு 247 என்று நான் பகிடி விட்டேன். ஆனால் உண்மை வேறு. தான் விரும்பும் பாட்டின் வரியை வாசிக்க வேண்டும் என்று அவளுக்கு அவசரம் இருந்தது. தமிழில் அவள் அவசரப்பட்டு வாசிக்க நாங்கள் என்ன கொடுத்திருக்கிறோம்? 'இது அம்மா, இது ஆடு', பிறகு திருக்குறள் மனனப் போட்டி.

சனிக்கிழமை போனேன். அவள் கட்டிலில் படுத்தபடி தட்டிக்கொண்டிருந்தாள். புத்திமதி சொல்ல வந்திருக்கிறேன் என்று தெரிந்து நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழுந்தாள். நாலு நாலாகப் போன பாட்டு அங்கே திடீரென்று மூன்று மூன்றாக உடைகிறது.

"தகிட எண்டு சொல்லிக்கொண்டு தட்டு" என்றேன்.

"அது டான்ஸ் கிளாஸ் சாமான் எல்லே?"

"ஓம்."

வாய்க்குள் சொன்னாள். இரண்டு முறை பிழைத்தது. மூன்றாம் முறை கடந்து போனாள். அப்போதும் என்னைப் பார்க்கவில்லை, ஆனால் கொஞ்சம் தள்ளி இருந்து இடம் விட்டாள். அரங்கேற்றத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனா.

போகும்போது கேட்டாள்: "சித்தி, உங்கட அந்தப் பாய் இன்னும் இருக்கா?"

அம்மாவிடம் கேட்டேன். இருக்கிறது. என் சலங்கையோடு ஒரே பையில் சுற்றி வைத்திருக்கிறா, எறியவில்லை. பிளேஸ்டேஷன் வேலை செய்யுமோ தெரியாது. வருகிற ஞாயிறு கொண்டுபோகிறேன். அக்கா வீட்டுக்குக் கீழே ஒருவரும் இல்லை.