கட்டடத்துக்கு முன் ஐந்து கடமைகள்
எரியோடு வட்டாரப் பள்ளிவாசல்கள் குறித்து எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எரியோடு, வேடசந்தூர், வடமதுரை வட்டாரத்துச் சிற்றூர்ப் பள்ளிவாசல்கள், கீழே சொல்லும் ஐந்து கடமைகளை முடிக்கும்வரை புதிய மினாரா, கிரானைட் தளம், குளிர்சாதன வசதி ஆகியவற்றுக்காக வசூல் தொடங்கக் கூடாது. ஒழுகும் கூரை, விரிசல் விட்ட சுவர், தண்ணீர், கழிப்பறை, பெண்களுக்கான இடம் ஆகியவை இந்தத் தடைக்குள் வராது. மற்றவை காத்திருக்கலாம்.

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு. எங்களைப் போன்ற ஊர்களில் ஒரு ஜமாஅத் என்பது பெரும்பாலும் சில தெருக்கள்தான். தறியில், மில்லில், கறிக்கடையில், பழைய இரும்புக்கடையில் உழைத்துச் சேர்த்த பணத்திலிருந்து சந்தா கொடுக்கிறவர்கள் இவர்கள். அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்பதே இந்த அறிக்கையின் கேள்வி.

ஏன் இப்போது?

2025 ஏப்ரலில் வக்ஃபு திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, மார்ச் 27 அன்று, தமிழ்நாடு சட்டமன்றம் அந்த மசோதாவுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் சட்டத்தின் சில பிரிவுகளுக்கு மட்டும் இடைக்காலத் தடை விதித்தது. நீண்ட காலமாகத் தொழுகைக்குப் பயன்பட்டு வருவதாலேயே ஓர் இடம் வக்ஃபு ஆகும் என்ற வழி இனிமேல் இல்லை. ஏற்கெனவே பதிவான இடங்களும், வழக்கோ அரசின் உரிமைக்கோரலோ இல்லாதிருந்தால்தான் தப்பும். இந்தச் சட்டத்தை நாங்கள் எதிர்க்கிறோம். நீதிமன்றத்தில் அதை எதிர்த்து வாதாடுவோர் பக்கம் நிற்கிறோம்.

ஆனால் வழக்கு ஜெயித்தாலும் நம் பீரோவில் பத்திரம் இல்லாவிட்டால் என்ன பயன்? ஒரு பெரியவர் வாய்மொழியாகக் கொடுத்த இடம், இறந்துபோன முத்தவல்லியின் பெயரிலேயே நிற்கும் மின் இணைப்பு, வரைபடமே இல்லாத மையவாடி என்றுதான் பல ஊர்களின் நிலை இருக்கிறது. சட்டத்தை எதிர்ப்பவர்கள் பட்டாவையும் தேடியாக வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டிய வேலைகள்.

முதல் கடமை: ஆவணமும் கணக்கும்

ஒவ்வொரு பள்ளிவாசலும் தன் தாய்ப்பத்திரம், பட்டா, புல எண், வரி ரசீது, வக்ஃபு வாரியப் பதிவு ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்க்க வேண்டும். நகல் ஒன்று முத்தவல்லி வீட்டுக்கு வெளியே, வேறொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். 2025 ஜூன் 6 அன்று தொடங்கிய உமீத் இணையதளத்தில் வக்ஃபு சொத்துகளைப் பதிவு செய்ய ஆறு மாதமே அவகாசம் கிடைத்தது. அதை நீட்டிக்க உச்ச நீதிமன்றம் மறுத்து, தேவைப்படுவோர் வக்ஃபு தீர்ப்பாயத்தை அணுகலாம் என்றது. பதிவு விடுபட்ட ஜமாஅத்துகள் மறைக்காமல் எங்களிடம் சொன்னால் மனு எழுத உதவுவோம்.

ஆவணம் தெளிவாக இருப்பது பக்கத்து நிலத்துக்காரருக்கும் பாதுகாப்பு. 2022இல் திருச்சி அருகே திருச்செந்துறையில் தன் நிலத்தை விற்கப் போன ஒருவரிடம், வக்ஃபு வாரியத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்று பதிவு அலுவலகத்தில் சொன்னார்கள். அந்தச் செய்தி நாடு முழுக்க நம் மீதே திரும்பியது. நம்முடையது எது, நம்முடையதல்லாதது எது என்று இரண்டையும் எழுத்தில் சொல்லும் நேர்மை வேண்டும்.

கணக்கு ஒவ்வொரு மாதமும் ஜும்ஆவுக்குப் பின் வாசிக்கப்பட்டு, பலகையில் ஒட்டப்பட வேண்டும். ஆண்டு வருமானம் 1 லட்சம் ரூபாயைத் தாண்டும் வக்ஃபுகளுக்கு, அரசு தயாரிக்கும் பட்டியலிலிருந்து வாரியம் நியமிக்கும் தணிக்கையாளர் வர வேண்டும் என்கிறது புதிய சட்டம். அந்த வரம்புக்குக் கீழே இருப்பவர்களும் தாங்களாகவே தணிக்கை செய்துகொள்ள வேண்டும். சந்தா கொடுக்கும் கூலித் தொழிலாளிக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. கேட்டவரை ஜமாஅத்தின் எதிரியாக்கும் பழக்கம் ஒழிய வேண்டும்.

இரண்டாம் கடமை: இமாமும் மோதினாரும்

வக்ஃபு வாரியங்களின் கீழுள்ள பள்ளிவாசல்களின் இமாம்களுக்கு ஊதியத் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1993இலேயே தீர்ப்பளித்தது. ஆண்டுகள் முப்பதைத் தாண்டிய பின்னும் சிற்றூர் ஹஜ்ரத்தின் மாதச் சம்பளம் இன்ன தொகை என்று வெளியே சொல்லக் கூசும் நிலைதான். ஐந்து வேளைத் தொழுகை, மக்தப், நிக்காஹ், ஜனாஸா, நள்ளிரவில் வரும் மரணச் செய்தி எல்லாம் அவர் தலையில். திறமையான பிள்ளைகள் ஓதப் போகத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாங்கள் வைக்கும் அளவுகோல் எளியது. வேடசந்தூர் நூற்பாலையில் அனுபவமுள்ள ஒரு தொழிலாளி வாங்கும் மாதச் சம்பளத்துக்கு இமாமின் சம்பளம் குறையக் கூடாது. அதோடு குடும்பத்துடன் தங்க வீடு, வாரம் ஒரு நாள் விடுப்பு, எழுத்தில் பணி ஒப்பந்தம். மோதினாருக்கும் இதே முறையில், வேலைக்கேற்ற சம்பளம். உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தில் இருவரையும் உறுப்பினராக்குவது நிர்வாகத்தின் பொறுப்பு. கைமாற்றுக்காகச் செல்வந்தர் வீட்டு வாசலில் நிற்கும் இமாமால் அந்தச் செல்வந்தரின் தவறைப் பற்றி மிம்பரில் பேச முடியாது.

மூன்றாம் கடமை: பெண்கள்

பள்ளிவாசலில் பெண்கள் தொழத் தடையில்லை என்று அகில இந்திய முஸ்லிம் தனியார் சட்ட வாரியமே உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறது. சந்தைக்கு வந்த பெண், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மாணவி, மில் வேலை முடித்துத் திரும்பும் தாய் ஆகியோர் அஸரை எங்கே தொழுவார்கள்? தனி வாசல், ஒளு செய்யும் இடம், கழிப்பறை ஆகிய மூன்றும் இருந்தால் போதும், மாடி கட்டத் தேவையில்லை.

இடம் கொடுப்பதோடு இது முடியாது. குடும்ப வழக்குகள் ஜமாஅத்துக்கு வரும்போது, பெண்ணைப் பற்றி ஆண்கள் மட்டும் கூடிப் பேசும் முறையை எதிர்த்தே புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கினார். அவருடைய எல்லாக் கருத்துகளையும் நாங்கள் ஏற்கவில்லை. அவர் எழுப்பிய கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்க வேண்டும். ஆகவே குடும்ப வழக்கைக் கேட்கும் ஒவ்வொரு அமர்விலும் குறைந்தது இரண்டு பெண்கள் உட்கார வேண்டும். தலாக், குலா எதற்கும் ஜமாஅத் தீர்ப்பெழுதக் கூடாது. சமரசம் பேசலாம், கூடாவிட்டால் குடும்ப நீதிமன்றத்துக்கு வழிகாட்டலாம். நிக்காஹ் தப்தரில் எழுதிய கையோடு, 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாவதையும் ஜமாஅத்தே கவனிக்க வேண்டும். மணமகளுக்கு 18 வயது நிரம்பாத நிக்காஹை எந்தப் பள்ளியும் நடத்தித் தரக் கூடாது.

நான்காம் கடமை: பிள்ளைகளின் படிப்பு

2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலச் சராசரி 73.5தான். இது நம் முன்னோர் சேர்த்து வைத்த சொத்து. ஆனால் எழுத்தறிவிலிருந்து கல்லூரிப் பட்டத்துக்கும் அரசு வேலைக்கும் போகும் பாதையில் பிள்ளைகள் உதிர்ந்துவிடுகிறார்கள். 2007இல் கிடைத்த 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு, சாதிச் சான்றிதழில் ராவுத்தர் என்றோ தக்கினி என்றோ சரியாகப் பதிவானவருக்குத்தான் பயன்படும். சான்றிதழுக்காக ஜூன் மாதத்தில் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்து சேர்க்கையைத் தவறவிடும் குடும்பங்கள் உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர்களுக்கான உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022இல் நிறுத்தியபின் சுமை இன்னும் கூடியிருக்கிறது.

மக்தப் முடிந்த பின் அதே கூடத்தில் மாலைப் பாட வகுப்பும், வாரம் ஒரு நாள் சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பங்களுக்கான உதவி மேசையும் நடத்தலாம். செலவுக்குப் பைத்துல் மாலில் கல்விக்கென்று தனிக் கணக்கு தொடங்க வேண்டும். ஒருகாலத்தில் குர்பானித் தோல் திண்டுக்கல் தோல் ஷாப்புகளுக்குப் போய், அந்தப் பணம் மதரஸாக்களைத் தாங்கியது. தோல் விலை விழுந்த பிறகு அந்த வரவை நம்ப முடியாது. மாதச் சந்தாதான் வழி.

சிறுபான்மையாக வாழும் சிங்கப்பூர் முஸ்லிம்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். சூலியா பள்ளிவாசலைக் கட்டிய தமிழ் முஸ்லிம்களும் அந்தச் சமூகத்தில் உண்டு. அங்கே 1975இல் பள்ளிவாசல் கட்டும் நிதி தொடங்கப்பட்டு, தொழிலாளியின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சிறு தொகை பிடிக்கப்பட்டது. கட்டடத்துக்கென்று தொடங்கிய அந்த நிதியில் 1984 முதல் மெண்டாக்கி என்ற கல்வி அமைப்புக்கும் பங்கு ஒதுக்கினார்கள்.

ஐந்தாம் கடமை: மையவாடியும் அக்கம்பக்கமும்

சந்தா பாக்கி, கொள்கை வேறுபாடு, ஊர்விலக்கு என எந்தக் காரணத்துக்காகவும் ஒரு ஜனாஸாவுக்கு மையவாடியில் இடம் மறுக்கக் கூடாது. ஊர்விலக்கு என்ற தண்டனையையே கைவிட வேண்டும். நம் வட்டார மில்களில் வேலை செய்யும் பீகார், அசாம், வங்காளத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். எங்கிருந்தோ வந்தவர் இங்கே இறந்தால் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழவைத்து அடக்குவது இந்த ஊர் ஜமாஅத்தின் கடமை.

மஃரிப் நேரத்தில் கைக்குழந்தையோடு பள்ளிவாசல் வாசலில் நிற்கும் இந்துத் தாய்மார்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஓதி ஊதுவது சரியா என்பதில் எங்கள் உறுப்பினர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வாசலுக்கு வந்தவரை மரியாதையோடு நடத்துவதில் வேறுபாடு கிடையாது. 2019 ஆகஸ்டில் கேரளத்தின் கவளப்பாறை நிலச்சரிவின்போது, இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனைக்காகப் போத்துக்கல்லுப் பள்ளிவாசல் தன் தொழுகைக் கூடத்தையே விட்டுக் கொடுத்தது. எந்த மதத்தவரின் உடல் என்று அங்கே யாரும் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியிலும் அதே அக்கறை வேண்டும். பாங்குக்கு மட்டும், சட்டம் அனுமதிக்கும் நேரத்திலும் அளவிலும் அதைப் பயன்படுத்துவோம். நீண்ட பயான்கள் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்டால் போதும்.

எதிர்க்கருத்துகளுக்கு எங்கள் பதில்

“அல்லாஹ்வின் வீடு அழகாக இருக்க வேண்டாமா?” என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடங்கியிருக்கும் திண்டுக்கல் பேகம்பூர் பெரிய பள்ளிவாசலைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அழகின் அருமை எங்களுக்கும் தெரியும். அந்த அழகை ஆட்சியில் இருந்தவர்கள் கட்டினார்கள். நாமோ கூலியில் மிச்சம் பிடித்துக் கட்ட வேண்டியவர்கள். வரிசை தப்பினால் கடனில்தான் முடியும்.

“இத்தனை நெருக்கடியில் நம் குறைகளைப் பொதுவில் பேசலாமா?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நெருக்கடி இருப்பதால்தான் பேசுகிறோம். கணக்கும் பத்திரமும் சரியாக இருக்கும் ஜமாஅத்தை அதிகாரியோ அரசியல்வாதியோ எளிதில் மிரட்ட முடியாது.

கோரிக்கைகள்

தமிழ்நாடு வக்ஃபு வாரியம் வேடசந்தூர் வட்டத்தில் ஆவண முகாம்கள் நடத்த வேண்டும். வருவாய்த் துறையும் நில அளவைத் துறையும் சேர்ந்து மையவாடிகளை அளந்து வரைபடம் தர வேண்டும். நல வாரியத்தில் இமாம், மோதினார் பதிவை ஊரிலேயே வந்து முடித்துத் தர வேண்டும்.

ஜமாஅத்துகளிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். அடுத்த பொதுக்குழுவில் இந்த ஐந்து கடமைகளையும் பொருள் நிரலில் முதலில் வையுங்கள். அந்தப் பொதுக்குழுவுக்குப் பெண்களையும் அழையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரையும் ஒரு தேதியையும் குறித்துத் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திடுங்கள். அதன் பிறகு வரும் கட்டட வசூலுக்கு முதல் தொகையை எங்கள் அமைப்பே தரும்.