ஆள் பிடிப்பவரும் தொழில் தெரிந்தவரும்

வீரமுனையிலிருந்து சம்மாந்துறை, கல்முனை வரை கடைக்கு ஆள் வேண்டுமென்றால் மச்சானிடம் சொல்வோம், மாமாவிடம் சொல்வோம். சாமான் கட்டிக் கொடுக்க அது போதும். கணக்காளருக்கும் ஏசி திருத்துபவருக்கும் போதாது. 'நல்ல குடும்பத்துப் பிள்ளை' என்ற சிபாரிசால் ஏசி குளிராது. அந்தந்தத் துறையிலேயே ஊறிய ஆட்சேர்ப்பு முகவர், வெல்டிங் வேலைக்கு வந்தவரிடம் இரும்பைக் கொடுத்து ஒட்டிக் காட்டச் சொல்வார். தேசிய தொழிற்தகைமைச் (என்.வி.கியூ.) சான்றிதழ் எத்தனையாம் மட்டம் என்று பார்ப்பார். பழைய முதலாளிக்கு ஒரு கோல் எடுத்து விசாரிப்பார். அதற்கு அவர் கேட்கும் கட்டணம், பொருந்தாத ஆளுக்குச் சும்மா கொடுக்கும் சில மாதச் சம்பளத்தைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். சொந்தக்காரப் பையனை வேலையால் நிறுத்திவிட்டுக் கல்யாண வீட்டில் அவன் தகப்பனைச் சந்திக்கும் சங்கடமும் இல்லை.

ஆனாலும் நமது கரையோரத்தில் 'ஏஜென்சி' என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு, காரணமும் உண்டு. மூதூர்ச் சிறுமி ரிசானா நபீக்கை, வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டில் 2005இல் சவூதிக்கு வீட்டு வேலைக்கு முகவர்கள் அனுப்பினார்கள். அவர் பொறுப்பிலிருந்த குழந்தை இறந்த வழக்கில் 2013 ஜனவரியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவருக்குத் தெரியுமா என்று அனுப்பியவர்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள். இலங்கையிலிருந்து வெளிநாட்டுக்கு ஆள் சேர்க்க, 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். உள்ளூர் முதலாளியோ, முகவரிடம் பணம் பேசுமுன், 'இந்த வேலைக்கு ஆளை எப்படிச் சோதிப்பீர்கள்?' என்று கேட்கட்டும். பதிலுக்குத் தடுமாறினால் மச்சானே மேல்.